விவரத்தில் இல்லாத வரி

கண்ணாடிப் பட்டறையில் அந்த நிரலுக்குப் 'படம்' என்று பெயர். காலையில் வந்திருக்கும் ஆர்டர்களின் அளவுகளைக் கொடுத்தால், ஒரு முழு ஷீட்டில் எந்தத் துண்டை எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டுக் காகிதத்தில் அச்சடித்துத் தரும். வெட்டுகிறவர்கள் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் படம் என்றார்கள். நாளடைவில் அதைத் தருகிற நிரலுக்கும் அதுவே பெயராகிவிட்டது. "இன்னிக்குப் படம் ஓடலையா?" என்று யாராவது கேட்டால், கணினி மக்கர் செய்கிறது என்று பொருள்.

பதினோரு வருடங்களுக்கு முன் அதை எழுதியவள் மூத்தவள். பட்டறை அண்ணன் தம்பி இருவருடையது; அவள் அண்ணனின் மனைவி. கணிதம் படித்தவள். நிரல் எழுதுவதை ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே கற்றாள். பட்டறையின் மூலையில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்த அலுவலக அறையில், மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபின் எழுதியது. எட்டு மாதம் பிடித்தது.

அதன் உயிர்நாடி ஒரே ஒரு விதி. கண்ணாடியில் ஒரு கோடு ஆரம்பித்தால் மறு ஓரம்வரை போயாக வேண்டும், நடுவில் திரும்ப முடியாது. அதனால் எப்படி வெட்டினாலும் ஏதாவது மிஞ்சும். மிஞ்சுவது எவ்வளவு என்பதைவிட, அது எந்த உருவத்தில் மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம் என்பதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. மிச்சத் துண்டுகள் சாய்த்து வைத்திருக்கும் தாங்கியில் வெட்டுகிறவர் துண்டு தேடும்போது, ஒவ்வொன்றின் குறுகலான பக்கத்தில் கையை விரித்து வைத்துப் பார்ப்பதைக் கவனித்தாள். நீளத்தை அவர் பார்ப்பதே இல்லை. ஆறடி நீளமும் நாலு விரல் அகலமும் உள்ள துண்டை வைத்து யாருக்கும் ஜன்னல் போட முடியாது. எடுக்கும்போதே கையில் முறியும். ஆகவே அவள் மிச்சத்தைப் பரப்பால் அளக்காமல் குறுகலான பக்கத்தால் அளந்தாள். சிதறி மிஞ்சுவதைவிட ஒரே இடத்தில், அகலமாக மிஞ்சுகிற வழியைப் படம் தேர்ந்தெடுக்கும். நாளைக்கு அந்த மிச்சம் ஒரு ஜன்னலாகும்.

வெட்டுகிறவருக்கு வைரம் என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் வைரமுனை வைத்த பழைய வெட்டுக்கோல் எப்போதும் இருக்கும். படம் வந்த முதல் மாதம் அவர் ஒரு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய அண்ணி, இதுக்குள்ள என்னை எப்படி உட்கார வச்சீங்க?" என்று கேட்டார். அந்தப் பாராட்டை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருந்தாள். அதற்கப்புறம் வேறொன்று வரவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் தம்பிக்குக் கல்யாணமாகி இளையவள் வந்தாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவள். வந்த ஒரு வருடத்தில் படத்துக்குப் புதுத் திரை, நிறங்கள், கைபேசியில் பார்க்கும் வசதி எல்லாம் சேர்த்தாள். துண்டுகளை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் நடுப்பகுதியை மட்டும் தொடவில்லை. "இதுல கை வைக்க எனக்கே பயமா இருக்கு அக்கா" என்றாள். மூத்தவளுக்கு அது பாராட்டாகப் படவில்லை. பழைய வீட்டில் இடிக்காமல் விட்டுவைத்த சுவரைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

பட்டறைக்கு வருகிறவர்கள் பார்ப்பது நிறங்களைத்தான். "யார் செஞ்சது?" என்று கேட்பார்கள். மூத்தவளின் கணவனே, "என் தம்பி பொண்டாட்டி. கம்ப்யூட்டர்ல புலி" என்பான். மூத்தவள் பக்கத்தில் நின்று அளவுச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒரு நாள் முற்பகலில் இளையவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, படத்தை வெளியில விட்டுடலாமா?"

"வெளியிலன்னா?"

"சோர்ஸ் கோடு மொத்தத்தையும். பொதுச்சொத்தா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்தலாம், விக்கக்கூடச் செய்யலாம். நம்மகிட்டக் கேட்க வேண்டாம். சின்னச் சின்னப் பட்டறை எவ்வளவோ இருக்கு, இன்னும் கையில கோடு போட்டுக்கிட்டு."

"நம்ம பேரு?"

"போடணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்ல அக்கா. உரிமையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறோம் இல்லையா? எழுதினவங்க எல்லாரும் சம்மதிச்சாதான் செல்லும். நீங்களும் நானும் மட்டும்தானே."

இரண்டு காகிதங்கள் மேஜைமேல் இருந்தன. ஒன்றில் இளையவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள், காய்கறிக்காரரிடம் பை நீட்டுவதுபோல அத்தனை சாதாரணமாக. மூத்தவளுக்கு எரிந்தது அதுதான். அவளிடம் கொடுப்பதற்கு நிறைய இருந்தது. இன்று இதைக் கொடுப்பாள், நாளை வேறொன்று எழுதுவாள். மூத்தவள் வாழ்நாளில் எழுதியது இது ஒன்றுதான். அதையும் பேரில்லாமல் ஊருக்கு விட வேண்டும்; விட்டபிறகு "சின்ன மருமகள் கொடுத்தாள்" என்றுதான் ஊர் சொல்லும்.

"என்னோடதை எடுத்துட்டு மீதியைக் குடு" என்றாள்.

"அக்கா, நடுவுல இருக்கிறதே உங்களோடதுதான். அதை எடுத்தா மீதி வெறும் பெயின்ட்டு."

"பெயின்ட்டைத்தானே எல்லாரும் பார்க்கிறாங்க."

இளையவள் காகிதத்தை ஓரமாக நகர்த்தினாள். பிறகு, "ஏன் வேண்டாங்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மூத்தவளிடம் காரணம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம்தான் இல்லை. "இஷ்டமில்ல" என்றாள்.

இளையவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து வேறு வழியோடு வந்தாள். நடுப்பகுதியைப் புதிதாக எழுதிவிடலாம். ஆனால் அதைத் தான் எழுதக்கூடாது, மூத்தவள் எழுதியதைப் பலமுறை படித்திருப்பதால் தன்னை அறியாமல் அதுவே கையில் வந்துவிடும் என்றாள். அதைக் கண்ணாலும் பார்க்காத ஒருவர்தான் எழுத வேண்டும். பழைய அலுவலகத் தோழி ஒருத்தி சம்மதித்திருக்கிறாள். அவளுக்கு நிரலைக் காட்டாமல், அது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சாதாரண வார்த்தைகளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அந்த விவரத்தை நீங்க எழுதுறீங்களா அக்கா? உங்களைவிட யாருக்கும் தெரியாது. எதைச் சொல்லணும், எதைச் சொல்ல வேண்டாம்ங்கறது உங்க முடிவு."

மூத்தவள் எழுதினாள். மூன்று பக்கம், நல்ல கையெழுத்தில். ஷீட்டின் அளவு, ஓரத்திலிருந்து ஓரம்வரை வெட்ட வேண்டிய கட்டாயம், சில்லு உடைவதற்காக விட வேண்டிய இடைவெளி, மிச்சத் தாங்கியில் முதலில் தேடிவிட்டுத்தான் புது ஷீட்டைத் தொட வேண்டும் என்பது எல்லாம் இருந்தன. மூன்றாம் பக்கத்தின் கடைசியில், மிச்சத்தைக் குறுகலான பக்கத்தால் அளக்க வேண்டும் என்ற வரி வர வேண்டும். பேனாவை அங்கே நிறுத்தி, ஜன்னல் வழியாக வைரத்தைப் பார்த்தாள். அவர் மண்ணெண்ணெயில் முனையை நனைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அந்த வரிக்குப் பதிலாக, 'கழிவு மிகக் குறைவாக இருக்க வேண்டும்' என்று எழுதி முடித்தாள்.

அது பொய் இல்லை. கேட்கிற எவருக்கும் நியாயமாகத்தான் படும்.

தோழியின் நிரல் பத்து நாளில் வந்தது. இளையவள் போன மாத ஆர்டர்களை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தாள். மூத்தவள் எழுதியதில் கழிவு நூற்றுக்கு எட்டு. புதியதில் ஐந்து.

மூத்தவள் இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டு, குழாயடியில் போய்க் கைகழுவினாள். கையில் ஒன்றும் இல்லை.

வெளியே விடுமுன் இரண்டு வாரம் பட்டறையிலேயே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் தாங்கி நிறைய ஒல்லி ஒல்லியான துண்டுகள் சேர்ந்தன. வைரம் ஒருநாள் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"சின்ன அண்ணி, இதை யாரு எழுதினது?"

"ஏன் அண்ணே?"

"கண்ணாடியை நாடா நாடாவாக் கிழிச்சு வச்சிருக்கு. இதுல யாருக்கு ஜன்னல் போடுறது? எறும்புக்கா?"

"கழிவு கம்மியாத்தானே வருது?"

"காகிதத்துல கம்மி. தாங்கியில போய்ப் பாருங்க. ஒண்ணும் உதவாது, ஆனா கணக்குல கழிவாச் சேராம எல்லாம் உயிரோட இருக்கு. நேத்து மட்டும் ரெண்டு ஷீட்டு புதுசா உடைச்சோம். எழுதினவங்க கண்ணாடியைத் தூக்கியே பார்த்திருக்க மாட்டாங்க." பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினார். "பெரிய அண்ணி, பழையபடி உங்களோடதையே ஓட்டுங்க. கை ரெண்டும் பிளாஸ்திரியா இருக்கு."

மூத்தவள் அளவுச் சீட்டிலிருந்து தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் சிரிப்பது தெரிந்துவிடும்.

அவர் போனதும் இளையவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, விவரத்துல ஒரு வரி இல்ல."

"எந்த வரி?"

"உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா நீயே சொல்லிடேன், உன் தோழிகிட்ட."

"நான் அதைக் கத்துக்கிட்டது நீங்க எழுதினதைப் படிச்சு. நீங்க குடுக்காததை நான் எடுத்துக் குடுக்க மாட்டேன்."

குரலில் கோபமே இல்லை. நல்லவளாக இருப்பதிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா என்று மூத்தவளுக்குத் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை இளையவள் தோழியின் நடுப்பகுதியோடு படத்தை இணையத்தில் வெளியிட்டாள். 'மிச்சத் துண்டுகளைக் கையாள்வதில் குறை உண்டு. திருத்த விரும்புகிறவர்கள் திருத்தலாம்' என்று முகப்பில் ஒரு குறிப்பு. பட்டறையில் மட்டும் பழைய படமே ஓடியது.

வீட்டில் அதன்பிறகு கேட்கவே வேண்டாம். மாமியார் மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டாரிடம், "எங்க சின்னவ உலகத்துக்கே எழுதிக் குடுத்துட்டா, காசு வாங்காம" என்றார். என்னத்தை எழுதிக் கொடுத்தாள் என்று அவர்கள் கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது. சாப்பிடும்போது மூத்தவளின் கணவன் தம்பியிடம், "கொடுத்து வச்சவன்டா நீ" என்றான்.

"நான் என்ன, கெடுத்து வச்சவளா?" என்றாள் மூத்தவள்.

"உன்னை எவ என்ன சொன்னா இப்ப?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான்."

படம் வெளியான இணையப் பக்கத்தை அவள் கைபேசியில் ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து பார்த்தாள். நன்றி சொன்னவர்கள் பதினேழு. மறுநாள் முப்பத்தொன்று. ஒருவர் மீன்தொட்டி செய்கிறவர். ஒருத்தி பலகை அறுக்கிறவள். கண்ணாடிக்கு எழுதியதை மரத்துக்கு வைத்து ஓட்டியிருந்தாள். ஒருவர் தன் பட்டறையின் புகைப்படத்தையே அனுப்பியிருந்தார், சாய்வுத் தாங்கியும் கம்பளி விரித்த மேஜையுமாக, இவர்கள் பட்டறை போலவே. எல்லா நன்றியும் இளையவளுக்கு. கணவன் எட்டிப் பார்த்து, "என்ன, மேட்ச் ஸ்கோரா?" என்று கேட்டான். அவள் திரையை அணைத்தாள்.

மூன்றாவது வாரம் மீன்தொட்டிக்காரர் குறை எழுதினார். தன் கடையில் ஒல்லித் துண்டுகள் மலையாய்க் குவிகின்றன, யாராவது வழி சொல்லுங்கள் என்று. உடனே நாலைந்து பேர் கூடினார்கள். அதில் ஒருவர் 'ஏணி' என்ற பெயரில் எழுதுகிறவர். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஆனால் விடாக்கண்டன் ரகம். குறிப்பிட்ட பரப்புக்குக் கீழே இருப்பதைக் கழித்துவிடலாம் என்று ஏணி முதலில் எழுதியது. ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக வரவில்லை என்று தானே ஒப்புக்கொண்டது. மறுநாள் சுற்றளவைப் பார்க்கலாம் என்றது. அதுவும் தோற்றது.

மூத்தவளுக்கு அந்த இரண்டு நாளும் திருவிழாவாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஏணி எழுதியிருந்த வரியில் அவள் முகம் மாறியது. 'பரப்பை விட்டுவிடுவோம். பக்கங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் என்ன? நீளமான பக்கத்தில் ஆரம்பிக்கிறேன்.'

நீளமான பக்கத்தில் ஆரம்பித்தால், தப்பு என்று தெரிய அரை நாள் ஆகும். அதன்பின் மிச்சமிருப்பது மற்றப் பக்கம் ஒன்றுதான். நாளைக்குள் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்துத் தன் பெயரில் போடும். பதினோரு வருடத்துக்கு முன் வைரத்தின் கையைப் பார்த்து அவள் கண்டதை, கண்ணாடியையே தொடாத ஏதோ ஒரு ஏணி, உலகத்தில் முதல் ஆளாகக் கண்டதாக ஆகிவிடும். அதுவரை இளையவள்மேல் இருந்த பொறாமை அந்த நிமிடத்தில் மூட்டை முடிச்சோடு வீடு மாறியது.

அன்று மதியம் இளையவள் கணவனோடு ஒரு புதுக் கட்டிடத்துக்கு ஜன்னல் அளவெடுக்கப் போயிருந்தாள். மூத்தவள் அலுவலகக் கணினியில் தன் பழைய நடுப்பகுதியை எடுத்தாள். மேலே நாலு வரி விளக்கம் எழுதினாள். 'மிச்சத்தைக் குறுகலான பக்கத்தால் அளக்க வேண்டும். பரப்பு ஏமாற்றும்.' அனுப்பும் இடத்தில் ஒரு சிறு கட்டம் இருந்தது. 'இது என் சொந்த வேலை. இதன்மேல் எனக்குள்ள எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்.' முன்பு இளையவள் நீட்டிய காகிதத்திலும் அந்த இரண்டு வாக்கியங்கள்தான் இருந்தன. கட்டத்தில் குறி போட்டு அனுப்பினாள். அனுப்பியது பெருந்தன்மையால் அல்ல, ஏணி முந்திவிடக் கூடாதே என்ற அவசரத்தால்.

பத்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. 'பிரமாதம்! அன்றே நினைத்தேன், உங்களிடம் இதற்கும் ஒரு வழி இருக்குமென்று.' எழுதியவர் மீன்தொட்டிக்காரர். நன்றி இளையவளின் பெயருக்குப் போயிருந்தது.

மூத்தவள் மேலே பார்த்தாள். பட்டறையில் கணினி ஒன்று, அதில் திறந்திருக்கும் கணக்கு எப்போதும் இளையவளுடையது. ஆறு வருடமாக இருவரும் அதிலேயே வேலை பார்த்தார்கள். யார் பெயர் மேலே இருக்கிறது என்று யாரும் கவனித்ததில்லை. அவள் அனுப்பியது அந்தப் பெயரில்தான் போயிருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் பதினான்கு பேர் இளையவளைப் புகழ்ந்தார்கள்.

அளவெடுத்துத் திரும்பிய இளையவள் கைபேசியைப் பார்த்தபடியே அறைக்குள் வந்தாள். "அக்கா, இது..."

"சொல்லாதே. தெரியும். என் தலையெழுத்து, நான் பெத்தாலும் உன் பேரைத்தான் வைப்பாங்க."

இளையவளுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள். பிறகு கணினிமுன் உட்கார்ந்து, மூத்தவள் அனுப்பியதைத் திரும்பப் பெற்றாள். அதன் இடத்தில் எழுதினாள்: 'மன்னிக்கவும். இது என் வேலை அல்ல. எழுதியவர் வேறொருவர். அவர் உரிமையை விட்டுக்கொடுப்பதாக என் பெயரில் சொன்னது செல்லாது. அவர் தரும்வரை தயவுசெய்து யாரும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.'

"எதுக்கு எடுத்த?"

"சொந்த வேலைன்னு என் பேர்ல இருந்துச்சு அக்கா. அது பொய். நாளைக்கு எவனாவது கேட்டா மொத்தப் படமும் சந்தேகத்துக்கு வந்துடும்." நாற்காலியைத் திருப்பினாள். "இன்னொண்ணும் இருக்கு. இப்பவும் நீங்க வேண்டாம்னு இருக்கலாம். பார்த்தவங்களைப் பார்க்காம இருக்க வைக்க முடியாது, ஆனா குடுக்கலைன்னா குடுக்கலைதான்."

மறுபடியும் முதலிலிருந்தா என்று இருந்தது மூத்தவளுக்கு. மதியம் இருந்த சூடு ஆறிப்போயிருந்தது. இப்போது ஆற அமர உட்கார்ந்து, தெரிந்தே கொடுக்க வேண்டும்.

"இதோ பாரு" என்றாள். "நீ கேட்டப்ப நான் குடுக்கல. விவரம் எழுதச் சொன்னப்ப வேணும்னே மறைச்சேன். இப்பக்கூட அந்த ஏணி கண்டுபிடிச்சுடும்னு வயிறு எரிஞ்சுதான் அனுப்பினேன். இதுக்குப் பேரு தானமா?"

"அந்தக் கட்டத்துல தானமான்னு கேட்கல அக்கா. உங்களோடதான்னுதான் கேட்டிருக்கு."

வெளியே ஒரு ஷீட் கோட்டின்மேல் 'டக்'கென்று பிளந்தது. வைரம் யாரையோ, "விரலு பத்து இருக்கான்னு எண்ணிக்கோ" என்று அதட்டினார்.

"எனக்குன்னு தனியா ஒரு கணக்கு தொறந்து குடு" என்றாள் மூத்தவள்.

இளையவள் திறந்து கொடுத்தாள். பெயர் கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு விசைப்பலகையை நகர்த்தினாள்.

"நீ கொஞ்சம் வெளியில போ."

இளையவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். மூத்தவள் தன் பெயரை முழுதாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு அடித்தாள். நிரலை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே படித்தாள். ஒரு இடத்தில் பதினோரு வருடத்துக்கு முந்தைய அசட்டுத்தனம் ஒன்று கண்ணில் பட்டது. அதைத் திருத்தினாள். கட்டத்தில் குறி போட்டாள்.

மறுநாள் காலை நன்றிகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. மீன்தொட்டிக்காரர் இரண்டு முறை சொல்லியிருந்தார். பலகை அறுக்கிறவள், மரத்துக்கும் இது பொருந்துகிறது என்று எழுதியிருந்தாள். மூத்தவள் அவற்றை வேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஏணியின் பதில் கடைசியில் இருந்தது.

'குறுகலான பக்கம்! நான்கு நாளாக இதைச் சுற்றிச் சுற்றி வந்தேன், எனக்கு ஏன் தோன்றவில்லை? உண்மையைச் சொன்னால் எரிச்சலாக இருக்கிறது. யார் நீங்கள்?'

அந்த வரிகளை அவள் மூன்று தடவை படித்தாள். பிறகு கதவைத் திறந்து, "இங்க வந்து இதைப் பாரேன்" என்று இளையவளைக் கூப்பிட்டாள்.